விண்ணுக்குப் போகும் பொருளை விரைந்து சோதிப்பது எப்படி?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

"சுருக்கமாப் பேசுங்க, புரியும்படியாப் பேசுங்க" என்பது நம் செயலாளர் அண்ணாச்சி எனக்கு இட்ட கட்டளை. முதல் கட்டளையைக் காப்பாற்ற முடியுமோ என்னமோ, இரண்டாவதை எப்படியும் காப்பாற்றிவிடுவேன்.

என் வேலையை ஒரே வரியில் சொல்லிவிடலாம். பிறர் பாடுபட்டுச் செய்து கொண்டுவரும் பொருளை இழுத்தும் நசுக்கியும் உடைத்துப் பார்ப்பது. ஊரில் கேட்பார்கள், "இதுக்காடே இவ்வளவு படிச்ச?" என்று. ஆமாம், இதற்குத்தான். ஒரு பொருள் எப்போது உடையும் என்று தரையில் தெரிந்துகொண்டால்தான் அதை நம்பி மேலே அனுப்ப முடியும்.

இந்தப் பேச்சை இன்று இந்த மேடையில் பேசுவதற்குக் காரணம் உண்டு. திருச்செந்தூருக்குத் தெற்கே, தசராவுக்குப் பேர்போன குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் குலசை? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கு நோக்கி ஏவும் ராக்கெட் இலங்கையைத் தவிர்ப்பதற்காகச் சுற்றிப் போக வேண்டியிருக்கிறது. பெரிய ராக்கெட்டுக்கு அது தாங்கும். சிறிய ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் வீணாகி, தூக்கிச் செல்லும் எடை குறைந்துவிடும். குலசையிலிருந்து நேராகத் தெற்கே விட்டால் கீழே வெறும் கடல்தான். அங்கிருந்து கிளம்பவிருக்கும் எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 34 மீட்டர் உயரம், சுமார் 120 டன் எடை. அத்தனையும் சேர்ந்து 500 கிலோமீட்டர் உயரத்துக்குக் கொண்டுபோவது 500 கிலோதான். 120 டன்னில் அரை டன்! ஆகவே அந்தத் தொழிலில் ஒவ்வொரு கிலோவும் முத்து மாதிரி.

எடையைக் குறைக்க வந்ததுதான் கூட்டுப் பொருள், அதாவது காம்போசிட். பெயர் புதிதாக இருந்தாலும் பொருள் உங்களுக்குப் பழக்கமானதுதான். 2004 சுனாமிக்குப் பிறகு நம் கரையெங்கும் பெருகிய ஃபைபர் படகு ஒரு கூட்டுப் பொருள். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. நம் துறைமுகத்துக்கு நீள டிரெய்லரில் வரும் காற்றாலை இறக்கையும் அதே சாதி. ஏன், முத்துச்சிப்பியின் உட்புறம் பளபளக்கிறதே, அதுவும் இயற்கை செய்த கூட்டுப் பொருளே. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு சுண்ணாம்புக் கனிமம். அதை மெல்லிய தகடுகளாக அடுக்கி, இடையிடையே கொஞ்சம் புரதத்தைப் பசையாக வைத்திருக்கிறது சிப்பி. அந்தக் கனிமம் மட்டும் தனியாக இருந்தால் சட்டென்று உடைந்துபோகும். சிப்பி ஓடு அப்படி உடையாது.

ராக்கெட்டிலும் விண்கலத்திலும் பெரும்பாலும் பயன்படுவது கார்பன் இழையும் எபாக்சி ரெசினும். நம் நாட்டுக்கு இது நேற்று வந்த வித்தை அல்ல. ராமேசுவரம் தந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்து உருவாக்கி, 1980 ஜூலை 18-ல் வெற்றி கண்ட எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் மேல் கட்ட மோட்டார் உறைகளே இழைக் கூட்டுப் பொருளால் ஆனவைதாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இரும்புத் தகடு வாங்கினால் ஆலையே சான்றிதழ் தந்துவிடுகிறது. கூட்டுப் பொருளில் அந்த வசதி இல்லை. பொருளும் உறுப்பும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. இழையை எந்தத் திசையில் அடுக்கினார்கள், ஆட்டோகிளேவில் எத்தனை டிகிரியில் வேகவைத்தார்கள், உள்ளே காற்றுக்குமிழி நின்றுவிட்டதா என்பதைப் பொறுத்துப் பலம் மாறும். ஒரே ரெசின், ஒரே இழை, இரண்டு பட்டறை என்றால் இரண்டு பலம் வரலாம். ஆகவே உடைத்துப் பார்த்தே தீர வேண்டும்.

எத்தனை துண்டு உடைக்க வேண்டும்? ஒரு கணக்குப் போடுவோம். இழை நெடுக இழுப்பது, குறுக்கே இழுப்பது, நெடுக நசுக்குவது, குறுக்கே நசுக்குவது, ஷியர் சோதனை இரண்டு வகை. ஆக ஆறு. இதைக் குளிரிலும், அறை வெப்பத்திலும், ஈரம் ஏற்றிய சூட்டிலும் செய்ய வேண்டும். ஆக மூன்று நிலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று தயாரிப்புத் தொகுதியிலிருந்து ஆறு ஆறாகப் பதினெட்டுத் துண்டு. 6 × 3 × 18 என்றால் 324 துண்டுகள். இது ஒரே ஒரு பொருளுக்கு, அதுவும் அடிப்படைச் சோதனைக்கு மட்டும்.

ஒரு துண்டை உடைக்க எவ்வளவு நேரம் ஆகும்? நெடுக்கு இழுவைச் சோதனைக்கு 250 மில்லிமீட்டர் நீளம், 15 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு பட்டி. சுண்டுவிரல் அகலந்தான். ஆனால் நல்ல கார்பன் பட்டி என்றால் இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்த அதே யு.டி.எம். இயந்திரம் அதை நிமிடத்துக்கு 2 மில்லிமீட்டர் வேகத்தில் இழுக்கும். ஒன்றிலிருந்து பத்து நிமிடத்துக்குள் உடைய வேண்டும் என்பது விதி. சராசரி ஐந்து நிமிடம் என்று வைத்தால், 324 துண்டுக்கும் சேர்த்து 27 மணி நேரம். நாலு நாள் வேலை! ஆனால் நடைமுறையில் மாதக்கணக்கில் இழுக்கிறது. அப்படியானால் மிச்ச நேரமெல்லாம் எங்கே போகிறது? விரைந்து சோதிக்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

சிலர் கேட்பார்கள், "சார், மெஷினைக் கொஞ்சம் வேகமா இழுக்க விட்டா என்ன?" என்று. வேகமாக இழுத்தால் மிஞ்சுவது நிமிடங்கள்தான். ஆனால் வரும் நஷ்டம் பெரிது. ரெசின் என்பது ஒருவகையில் கெட்டியான பாகு. மெதுவாக இழுத்தால் நெகிழ்ந்து கொடுக்கும். வெடுக்கென்று இழுத்தால் விறைத்துக்கொள்ளும். அதனால் ரெசின் தாங்க வேண்டிய இடங்களில் இல்லாத பலத்தை இருப்பதாக இயந்திரம் காட்டிவிடும். அந்தப் பொய்யை நம்பித்தான் அப்புறம் வடிவமைப்பாளர் கணக்குப் போடுவார்.

உண்மையில் நேரம் போகிற இடங்கள் வேறு. முதலாவது, துண்டு தயாரிப்பு. ரெசின் ஊறிய கார்பன் துணி மைனஸ் 18 டிகிரியில் உறைபெட்டியில் இருக்கும். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன்மேல் நீர் கோப்பது போல அதன்மேலும் நீர் கோக்கும். அந்த ஈரம் வேகும்போது குமிழியாகிவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பிறகு அடுக்கி, வேகவைத்து, அறுத்து, இயந்திரம் கவ்விப் பிடிக்க இரு முனையிலும் பட்டை ஒட்டி, ஒவ்வொன்றையும் அளந்து எடுக்க வேண்டும். இங்கே தாராளமாக வேகம் கூட்டலாம். நீர்த்தாரை இயந்திரத்தில் ஒரே பலகையிலிருந்து பல துண்டுகளை அறுக்கலாம். அளவெடுப்பதையும் துண்டை மாட்டிக் கழற்றுவதையும் ரோபோவிடம் விடலாம். நம் ஊர் நூற்பாலைகளில் நூலின் பலத்தைத் தானியங்கிக் கருவிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதிக்கவில்லையா? அதே போலத்தான்.

இரண்டாவது, ஒரு சோதனையிலிருந்து கிடைக்கும் தகவல். முன்பெல்லாம் பட்டியின்மேல் ஸ்ட்ரெய்ன் கேஜ் ஒட்டுவோம். ஒட்டிய இடத்தின் கணக்கு மட்டும் தெரியும். இப்போது பட்டிக்கு வெள்ளை அடித்து, மேலே கறுப்புப் புள்ளிகளைத் தெளித்து, இரண்டு கேமரா வைத்துப் படம் பிடிக்கிறோம். பட்டி நீள நீளப் புள்ளிகள் நகரும். அந்த நகர்வைக் கணினி கணக்கிட்டு, ஆயிரக்கணக்கான இடங்களின் நீட்சியைத் தந்துவிடும். விரிசல் எங்கே தொடங்கியது என்பதையும் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். துண்டு ஒன்றுதான், தகவல் பலமடங்கு.

மூன்றாவது, எதை முழுமையாகச் சோதிப்பது என்று தேர்ந்தெடுப்பது. பழைய முத்து வியாபாரிகளிடம் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. 20 துளையிலிருந்து 1000 துளை வரை பல அளவு. முத்துக்களை முதலில் அவற்றில் சலித்துப் பிரித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் நிறம், உருட்சி, ஒளி என்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். எங்களுக்கும் சல்லடை உண்டு. பத்து ரெசின் வந்தால் பத்துக்கும் 324 துண்டு உடைப்பதில்லை. சிறு துண்டு ஒன்றைச் சூடேற்றிக்கொண்டே இலேசாக அசைத்துப் பார்க்கும் கருவி இருக்கிறது. எந்த வெப்பநிலையில் ரெசின் இளகத் தொடங்கும் என்று சில மணி நேரத்தில் சொல்லிவிடும். விண்கலப் பொருளுக்கு இன்னொரு சல்லடை: வெற்றிடத்தில் 125 டிகிரியில் 24 மணி நேரம் வைத்து, எவ்வளவு ஆவி விடுகிறது என்று பார்ப்பது. எடையில் 1 சதவீதத்துக்கு மேல் இழந்தாலோ, பக்கத்தில் படியும் ஆவி 0.1 சதவீதத்தைத் தாண்டினாலோ பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். அந்த ஆவி போய்க் கேமரா லென்சில் படிந்தால் விண்கலத்துக்குக் கண் மங்கிவிடுமே! இப்படிச் சலித்து மிஞ்சும் ஒன்றிரண்டுக்குத்தான் முழுச் சோதனை.

நான்காவது, பகிர்ந்துகொள்வது. அமெரிக்காவில் விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் என்காம்ப் என்றொரு ஏற்பாடு உண்டு. ஒரு பொருளை ஒருமுறை முழுமையாகச் சோதித்து, முடிவுகளைப் பொதுவில் வைத்துவிடுகிறார்கள். அதே பொருளை எடுத்துக்கொள்ளும் அடுத்த கம்பெனி, தன் பட்டறையிலும் அதே தரம் வருகிறது என்பதைக் குறைந்த துண்டுகளால் காட்டினால் போதும். நாலு பேர் தனித்தனியாகக் கிணறு வெட்டுவதற்குப் பதில் ஒரு கிணற்றில் நாலு பேரும் இறைப்பது மாதிரி. எல்லா வேகங்களிலும் பெரிய வேகம் இதுதான் என்பது என் கருத்து.

இந்த இடத்தில் ஒரு சம்பவம். விண்வெளித் தொழிலில் இறங்க ஆசைப்பட்ட சிறு தொழிலதிபர் ஒருவர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர், நல்ல உழைப்பாளி. "அண்ணாச்சி, பதினெட்டு எதுக்கு? அஞ்சு உடைச்சுப் பார்த்து, சராசரியைப் போட்டு ஒரு சர்ட்டிபிகேட் தந்திருங்க. செலவும் மிச்சம், நாளும் மிச்சம்" என்றார். அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கையே உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன்.

சராசரிப் பலம் 1500 மெகாபாஸ்கல், துண்டுக்குத் துண்டு வரும் விலக்கம் 75 என்று வைத்துக்கொள்வோம். வடிவமைப்புக்குச் சராசரி உதவாது. பாதித் துண்டுகள் அதற்குக் கீழேதானே இருக்கும்! "நூற்றுக்குத் தொண்ணூறு துண்டாவது இதைத் தாண்டும், இதை 95 சதவீத நம்பிக்கையோடு சொல்கிறேன்" என்று ஓர் எண் வேண்டும். ஐந்து துண்டு மட்டும் உடைத்திருந்தால், புள்ளியியல் விதிப்படி விலக்கத்தை 3.407-ஆல் பெருக்கிக் கழிக்க வேண்டும். கிடைப்பது சுமார் 1244. பதினெட்டு உடைத்திருந்தால் 1.974-ஆல் பெருக்கினால் போதும், கிடைப்பது 1352. முப்பது உடைத்தால் 1367.

பாருங்கள், பொருள் ஒன்றுதான். குறைவாகச் சோதித்தவருக்கு 108 மெகாபாஸ்கல் கைநழுவிப் போய்விட்டது. அதை ஈடுகட்ட அவர் கனத்தைக் கூட்ட வேண்டும், எடை ஏறும். சோதனையில் மிச்சம் பிடித்ததை ராக்கெட் ஒவ்வொரு முறையும் சுமந்துகொண்டு பறக்கும். அதே சமயம், பதினெட்டிலிருந்து முப்பதுக்குப் போனதில் கிடைத்தது வெறும் 15 என்பதையும் கவனியுங்கள். நிறைய உடைத்தால் நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டு உடைப்பதும் புத்திசாலித்தனம் இல்லை. எங்கே நிறுத்துவது என்பதையும் கணக்கே சொல்லிவிடும். அவர் யோசித்தார், பதினெட்டுக்கே ஒப்புக்கொண்டார்.

நம் முன்னோர்க்கு இது புதிதல்ல. முத்துக்குளிப்பு அறிவிக்கும் முன், பார்களைப் பார்வையிட்டு, மாதிரிக்குச் சிப்பிகளை எடுத்து, அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்தை மதிப்பிட்டுப் பார்த்துத்தான் குளிப்பு நடத்தலாமா வேண்டாமா என்று முடிவு செய்தார்கள். பத்துச் சிப்பியைத் திறந்து பார்த்து ஒரு பாரையே மதிப்பிட முடியாது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சரி, எதிலெல்லாம் அவசரப்படக் கூடாது? ஈரம் ஒன்று. கூட்டுப் பொருள் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்லக் குடிக்கும். நம் கடற்கரைக் காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். விண்வெளியின் வெற்றிடத்துக்குப் போனதும் குடித்ததைத் திரும்பக் கக்கும், கொஞ்சம் சுருங்கும். ஆன்டெனாவும் தொலைநோக்கியும் மயிரிழை பிசகினாலும் பிசகுதானே! ஆகவே ஈரம் ஏற்றிச் சோதிக்க வேண்டும். ஆனால் ஈரம் ஊறும் காலம் கனத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கனம் இரண்டு மடங்கானால் காலம் நாலு மடங்கு. சூட்டை ஏற்றினால் சீக்கிரம் ஊறும் என்பது உண்மை. சூட்டில் ரெசினுக்குக் காலம் வேகமாக ஓடுகிறது; பல ஆண்டு நெகிழ்ச்சியைக்கூடச் சில நாளில் கணிக்கும் முறைகள் இந்த உண்மையின் மேல் எழுந்தவையே. ஆனால் இளகும் வெப்பநிலையை நெருங்கிவிட்டால் பொருளே வேறாகிவிடும். பிறகு அது நம் விண்கலத்தைப் பற்றிப் பேசாது. அவசரத்துக்கு இயற்கை போட்ட எல்லைக்கோடு அது.

இன்னொன்று, முழு உறுப்பைச் சோதிக்கும் கடைசிப் படி. சிறு துண்டு நல்ல பலம் காட்டினாலும் முழு உறுப்பு வேறு கதை சொல்லலாம். நாசாவின் எக்ஸ்-33 விண்ணூர்தித் திட்டத்தில், திரவ ஹைட்ரஜனுக்காகச் செய்த கூட்டுப் பொருள் தொட்டியை 1999 நவம்பரில் சோதித்தார்கள். உள் தோலில் நுண்விரிசல்கள் விழுந்து, ஹைட்ரஜன் உள்ளிருந்த தேன்கூட்டு அடுக்குக்குள் கசிந்தது. தொட்டியைக் காலி செய்து சூடேறத் தொடங்கிய பிறகு தோல் பிய்ந்துவிட்டது. திட்டமே 2001-ல் கைவிடப்பட்டது. இழப்பு பெரிதுதான்; ஆனால் தரையில் நடந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

தரையில் பார்க்காமல் விட்டால் என்னவாகும்? இது விண்வெளி அல்ல, கடல். நமக்கு நெருக்கமான கடல். டைட்டன் என்ற நீர்மூழ்கியின் உடல் கார்பன் இழையால் ஆனது. சுயேச்சையான தரச்சான்று அமைப்பு எதனிடமும் அது சான்று பெறவில்லை. 2022 ஜூலையில் ஒரு பயணத்தின் முடிவில் உடலிலிருந்து பெரிய சத்தம் கேட்டது. அதன்பின் உடலின் நீட்சிக் கணக்கே மாறியிருந்ததைப் பதிவுகள் காட்டின. சத்தத்தைக் கேட்கும் கருவிகள் அதில் இருந்தன. ஆனாலும் மீண்டும் இறக்கினார்கள். 2023 ஜூன் 18 அன்று ஆழத்தில் நொறுங்கி ஐந்து பேர் மாண்டார்கள். பொருள் முன்கூட்டியே பேசியது. கேட்டு நிறுத்துவாரில்லை. சோதனை என்பது கருவி மட்டுமல்ல. அது சொல்வதைக் கேட்டு வேலையை நிறுத்தும் மனத்துணிவும் சேர்ந்ததுதான்.

முறையாகச் செய்த கடைசிப் படிக்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கு, உலோக நாசிலுக்குப் பதிலாகக் கார்பன்-கார்பன் கூட்டுப் பொருளில் நாசிலைத் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையம் உருவாக்கியது. அதைப் பணகுடிப் பக்கம் மகேந்திரகிரியில் சோதித்தார்கள். 2024 மார்ச் 19-ல் முதலில் 60 விநாடி. அதன் முடிவுகளைப் பார்த்தபின் ஏப்ரல் 2-ல் 200 விநாடி. நாசிலின் வெப்பம் 900 டிகிரி செல்சியஸைத் தாண்டியது, பொருள் தாங்கியது. நாசிலின் எடை 67 சதவீதம் குறைய, ராக்கெட் கூடுதலாக 15 கிலோ சுமக்க வழி பிறந்தது. முதலில் 60, பிறகு 200. இரண்டுக்கும் நடுவே இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தை வீண் என்று யாராவது சொல்வார்களா?

தம்பி தங்கைகளே! குலசை வந்துவிட்டால் நம் ஊருக்கு வேலை தானாக வந்துவிடும் என்று சொல்லித் திரிகிறார்கள். ஏவுதளம் வரும், ஆனால் அதற்கு உறுப்புச் செய்து தரும் பட்டறைகளும், அவற்றைச் சோதித்துத் தரும் கூடங்களும் இங்கேயே இருக்குமா, வெளியூரிலிருந்து லாரியில் வந்து இறங்குமா என்பது உங்கள் கையில் இருக்கிறது. அதற்குக் கோடி ரூபாய் இயந்திரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம் ஆய்வுக்கூடத்து யு.டி.எம். போதும். ஃபைபர் படகு கட்டுகிற பட்டறையில் கேட்டால் வெட்டி எறிந்த துண்டுகள் கிடைக்கும். பதினெட்டுத் துண்டு அறுத்து, அளந்து, உடைத்து, சராசரியையும் விலக்கத்தையும் எழுதுங்கள். பாதித் துண்டை ஒரு மாதம் கடல்நீரில் ஊறப்போட்டு மறுபடி உடைத்துப் பாருங்கள். படகின் உடலை ஒரு நாணயத்தால் தட்டிக் கேளுங்கள். நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், அடுக்குப் பிரிந்த இடம் பொத்தென்று ஒலிக்கும். விமானத் தொழிலிலும் இந்தத் தட்டுச் சோதனை உண்டு என்பதை அறிந்தால் ஆச்சரியப்படுவீர்கள். உங்கள் முடிவுகளைப் படகுக்காரர்களிடமும் கொடுங்கள். அந்தப் படகில் கடலுக்குப் போகிறவர்கள் நம் ஆட்கள்தானே.

முன்னாள் மாணவர்களாகிய நமக்கும் ஒரு வேண்டுகோள். நம்மில் பலர் தொழிற்சாலைகளிலும் ஆய்வுக்கூடங்களிலும் நல்ல பொறுப்புகளில் இருக்கிறோம். சங்கத்தின் சார்பில் இக்கல்லூரிக்கு ஏதேனும் செய்வதானால், துண்டு அறுக்கும் நல்ல இயந்திரம் ஒன்றையும், புள்ளி நகர்வைப் படம் பிடிக்க இரண்டு கேமராக்களையும் வாங்கித் தருவோம். ஆண்டுக்கு இரண்டு மாணவர்களையாவது நம் கூடங்களுக்கு அழைத்துப் பயிற்சி தருவோம். இந்த யோசனையைச் சங்கத்தின் செயற்குழு பரிசீலிக்க வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.